இறந்தவர் எத்தனை பேர்?

போர் எதுவும் நடக்கவில்லை. ஆனாலும் முடிவை எழுதும் கட்டம் திரையில் திறந்திருந்தது.

சிவகாசிக்கு வெளியே இருந்த வீட்டில், பிரீத்திகா தனியாளாக எழுதிய கம்ப்யூட்டர் விளையாட்டு அது. படை திரட்டி நாடு பிடிக்க வேண்டும். சண்டை முடிவைக் கம்ப்யூட்டர் சொல்வது நியாயமாக இல்லை, தாயம் உருட்டி நாங்களே சண்டை போட்டு எழுதிக்கொள்கிறோம் என்று விளையாடுகிறவர்கள் நச்சரித்ததால், போன மாதம்தான் இந்தக் கட்டத்தைச் சேர்த்தாள். யாரும் ஏமாற்றக் கூடாதென்று, இறந்தவர் பூஜ்யம் என்றால் ஏற்காதபடி வைத்தாள். பத்து நிமிடத்துக்குள் எழுதாவிட்டால் கம்ப்யூட்டரே முடிவு செய்துவிடும்.

இடம் என்ற வரியில் ‘பதினாலாம் நம்பர் ரூம்’ என்று இருந்தது. படை: பத்து பேர். இறந்தவர் எத்தனை பேர் என்ற இடத்தில் மட்டும் கோடு விட்டு விட்டு மின்னியது.

அப்படி ஓர் இடத்தை அவள் விளையாட்டில் வைக்கவே இல்லை.

ஜன்னலுக்கு வெளியே கருவேல மரங்கள் அசையாமல் நின்றன. கரண்ட் போய்விட்டிருந்ததால் தெருவின் தீப்பெட்டி மிஷின்கள் எல்லாம் ஓய்ந்து, லேப்டாப்பின் சின்ன விசிறி இரைவது யாரோ அருகில் மூச்சு விடுவது போல் கேட்டது. அம்மா செல்வலட்சுமி பட்டாசுக் கம்பெனியில், நம்பர் போட்ட ரூம் ஒன்றில் வேலையில் இருந்தாள். உள்ளே செல்போன் கூடாது. பிரீத்திகா கம்பெனி வாசலில் நிற்கும் வேன் டிரைவர் சங்கிலிமுத்துவைப் போனில் கூப்பிட்டாள்.

“மாமா, அம்மாவுக்கு இன்னைக்கு எந்த ரூம்?”

“பதினாலு. பத்துப் பேரு இருக்காக. ஏன் தாயி?”

“அவுகள உடனே வெளிய வரச் சொல்லுங்க.”

“சீசன் நேரம். என்னன்னு சொல்லிக் கூப்பிட?”

பிரீத்திகா விசும்பினாள்.

“சரி, அழாத. போய்ப் பாக்கேன்” என்றார்.

லேப்டாப்பை அணைத்தாள். திரை தானே ஒளிர்ந்தது. அதே கட்டம். நேரம் மட்டும் குறைந்திருந்தது. மூன்று நிமிடம். பூஜ்யம் போட்டாள். ஏற்கவில்லை. மறுபடி போட்டாள். ஏற்கவில்லை.

கம்ப்யூட்டர் எப்படி முடிவு செய்யும் என்பது அவளுக்குத் தெரியும். சிறிய படை என்றால் ஒருவரையும் மிச்சம் வைக்காது.

நாற்பது நொடி. முப்பது.

ஒன்று என்று எழுதி அழுத்தினாள்.

அலமாரியில் இருந்த தட்டுகள் முதலில் நடுங்கின. அதன் பிறகுதான் சத்தம் வந்தது. வடக்கே வெள்ளைப் புகை எழுந்தது.

கால் மணி நேரம் கழித்து சங்கிலிமுத்து கூப்பிட்டார். “ரூம் தரைமட்டம் தாயி. நான் போறதுக்குள்ள வெடிச்சிருச்சு. ஆனா பத்துப் பேரும் வெளிய நிக்காக. ஒருத்தருக்கும் கீறல் இல்ல. உங்க அம்மாவ நானே கூட்டியாரேன்.”

பிரீத்திகா தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள்.

சாயங்காலம் வேன் வாசலில் நின்றது. அம்மா இறங்கினாள். மகள் கட்டிப் பிடித்தபோது கைகளைத் தொங்கவிட்டபடியே நின்றாள். உடம்பு குளிர்ந்திருந்தது. “குளிச்சிட்டு வாரேன்” என்று பின்பக்கம் போனாள்.

தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. போன் அடித்தது.

“தாயி…” சங்கிலிமுத்துவின் குரல் ஒடுங்கியிருந்தது. “இடிபாட்டுக்குள்ள ஒரு பொம்பள உடம்பு கிடந்துச்சாம். யாருன்னு அடையாளம் தெரியல. வேற ரூம்ல ஒருத்தரும் குறையல. இந்தப் பத்துப் பேரையும் நான்தான் வீட்ல இறக்கிவிட்டேன். நானே எண்ணினேன்.”

“அப்ப அது யாரு மாமா?”

“உங்க அம்மா என்ன செய்றாக?” என்று கேட்டார் அவர்.

பிரீத்திகா போனைக் கீழே வைத்தாள். பின்கதவு வரை நடந்தாள். தண்ணீர் இன்னும் விழுந்துகொண்டிருந்தது.

அம்மா திரும்பி உட்கார்ந்திருந்தாள். அவள் முதுகிலிருந்து பட்டாசு மருந்துப் பொடி வெள்ளி நிறத்தில் கரைந்து ஓடியது. குளிக்கும் கல்லை நிறைத்தது. சாக்கடையை நிறைத்தது. படியேறி வந்து பிரீத்திகாவின் கால்விரல்களைத் தொட்டது. தெளியவே இல்லை.

குடம் காலியாகச் சாய்ந்து கிடந்தது. குழாய் மூடியிருந்தது.

“வா” என்றாள் அம்மா, திரும்பாமல். “முதுகு தேச்சு விடு.”