முன்னால் வரும் எதிரொலி

ஒரு வாக்கியத்துக்கு ஒரு மூச்சு என்பதுதான் அவளுடைய கணக்கு. வாசிக்கத் தொடங்கும் முன் மூச்சை உள்ளே இழுப்பாள். கம்ப்யூட்டர் திரையில் ஓடும் ஒலிக்கோட்டில் அது ஒரு சின்னக் கொப்புளமாகத் தெரியும். அதைப் பிடித்து அழித்துவிட்டு அடுத்த வாக்கியத்துக்குப் போவாள். கதைகளை வாசித்து ஒலிப்புத்தகமாகப் பதிவு செய்யும் தொழிலில், வாசிப்பவளுக்கு மூச்சு என்று ஒன்று இருப்பதே கேட்பவர்களுக்குத் தெரியக் கூடாது. அன்று காலை பார்த்தபோது, ஒவ்வொரு வாக்கியத்துக்கு முன்னாலும் கொப்புளம் இரண்டு இரண்டாக இருந்தது.

அவள் பயப்படவில்லை. பயப்படவும் தெம்பு வேண்டுமே. கம்ப்யூட்டர் மேல்தான் எரிச்சல் வந்தது. கிழடு தட்டிப்போன சிபியூ அது. ஒரு பைலைத் திறக்கச் சொன்னால் தூங்கி எழுந்து வரும். அதன் ஃபேன் மாவு மில் மாதிரி இரையும். அந்த இரைச்சலுக்கு அவளிடம் ஒரு வழி இருந்தது. தினமும் வேலையைத் தொடங்கும் முன் வாயை மூடிக்கொண்டு, அறையின் வெறும் சத்தத்தைக் கொஞ்ச நேரம் பதிவு செய்வாள். 'இதுதான் வேண்டாத சத்தம், இதைக் கழித்துவிடு' என்று சாஃப்ட்வேருக்குக் காட்டிக் கொடுத்தால், அது பதிவு முழுவதிலும் அதைத் துடைத்து எடுத்துவிடும். இந்த முறை மூச்சு மட்டும் துடைபடாமல் நின்றது.

"புதுசா வாங்கிடலாமா, இல்ல இதையே தேத்திக்கலாமாங்க?" என்று கணவனிடம் கேட்டாள். அவன் கூரியர் கிடங்கு வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான்.

"தினம் அதோட குடும்பம் நடத்துறது நீ. என்னைக் கேக்குற?" என்றான் சாக்ஸை மாட்டிக்கொண்டே. பிறகு அவள் முகத்தைப் பார்த்தான். "தொண்டை இன்னும் கட்டித்தான் இருக்கு ரேடியோ. ரெண்டு நாள் பேசாம இரேன்."

சின்ன வயதிலிருந்தே வாய் ஓயாத பிள்ளை என்பதால் வீட்டில் வைத்த பெயர் ரேடியோ. இப்போது அந்த ரேடியோ கரகரத்தது. ஆனால் ஓய்வெடுக்க முடியாது. கையில் இருந்தது ஒரு பெரிய நாவல். இதை ஒழுங்காக முடித்துக் கொடுத்தால் கம்பெனியில் நிரந்தரமாக எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார்கள். சொதப்பினால் அடுத்த குரலைத் தேடிக்கொள்வார்கள். குரலுக்கா பஞ்சம்?

மத்தியானம் கம்ப்யூட்டர் டாக்டர் வந்தார். தெருவில் எல்லோரும் அவரை அப்படித்தான் கூப்பிடுவார்கள். வெளிச்சத்தம் புகாமலிருக்கச் சுற்றிலும் தடித்த கம்பளிகள் தொங்கவிட்டிருந்த அவளுடைய சின்னப் பதிவறைக்குள் குனிந்து வந்து, சிபியூவைத் திறந்து, உள்ளே பார்த்ததும் உச்சுக் கொட்டினார்.

"போர்டு நல்லாத்தான் இருக்கு மேடம். ரேம் கூட்டி, டிஸ்க்கும் ஃபேனும் மாத்திட்டா இன்னும் கொஞ்ச காலம் இழுக்கும். புதுசு வாங்கினா வேகம் பிரமாதமா இருக்கும். ஆனா எல்லாத்தையும் முதல்ல இருந்து போடணும். பழைய பைல் சிலது திறக்காமலே போயிடலாம்."

"மூச்சு ரெண்டு ரெண்டா பதியுதே, அது?"

"மெமரி பத்தலன்னா சத்தம் தங்கித் தங்கி விழும். எக்கோ மாதிரி. அதுவாத்தான் இருக்கும்."

மதில் மேல் பூனையாகக் கொஞ்ச நேரம் நின்றாள். புதிது என்றால் எல்லாவற்றையும் புதிதாகப் பழக வேண்டும். நினைக்கவே அலுப்பாக இருந்தது. "இதையே தேத்திக் குடுத்துடுங்க" என்றாள்.

அவர் சத்தமில்லாத புது ஃபேனை மாட்டிவிட்டுப் போன பிறகு அறைக்குள் வந்து உட்கார்ந்தவளுக்கு, காதில் யாரோ பஞ்சு அடைத்த மாதிரி இருந்தது. கம்ப்யூட்டர் ஓடுகிறதா இல்லையா என்று விளக்கைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள முடிந்தது. அந்த இரைச்சலுக்கு அடியில் இத்தனை நாள் என்னென்ன கிடந்தது என்பது ஒவ்வொன்றாக மேலே வந்தது. சமையலறையில் ஃபிரிட்ஜ் விட்டு விட்டு முனகுவது, வெளியே மழைத்தண்ணீர் குழாயில் இறங்குவது, ஈரம் ஏறிய கம்பளிகள் மெல்ல உரசிக்கொள்வது, தன் எச்சில் தொண்டைக்குள் இறங்குவது. அதோடு லவங்க வாசனையும் வந்தது. தொண்டைக்கு இதமாக லவங்கம் அடக்கிக்கொள்வது அவள் வழக்கம்தான். அன்று அவள் லவங்கம் போடவில்லை.

களைத்த மூக்கு எதையாவது முகரும் என்று தன்னைத் தானே சமாதானப்படுத்திக்கொண்டாள். ஓர் அத்தியாயத்தை வாசித்து, மூச்சுகளைக்கூட அழிக்காமல் கம்பெனிக்கு அனுப்பிவிட்டு, அப்படியே நாற்காலியில் சாய்ந்தாள்.

கம்பெனியில் ஒலியைச் சரிபார்க்கும் பையன் சீக்கிரமே போன் செய்தான்.

"அக்கா, ரெண்டு டேக்கை ஒண்ணு மேல ஒண்ணு போட்டு அனுப்பிட்டீங்க."

"இல்லையே தம்பி, ஒரு தடவைதான் படிச்சேன்."

"ரெண்டு இருக்குக்கா. ஒண்ணு கொஞ்சம் முன்னாடி ஓடுது. இன்னொண்ணு அது பின்னாடியே வருது." அவன் தயங்கினான். "தப்பா எடுத்துக்காதீங்க. பின்னாடி வர்றது ரொம்ப டயர்டா இருக்கு, கரகரன்னு. முன்னாடி இருக்கிறது அருமை. அதை மட்டும் தனியா அனுப்பிடுங்க. நான் அதையே வச்சுக்கிறேன்."

போனை வைத்துவிட்டு ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். அவன் சொன்னது சரிதான். மிக மெல்லிய குரல், அவளுடைய குரலேதான், ஒவ்வொரு வாக்கியத்தையும் அவளுக்கு முன்பே சொல்லிவிட்டுப் போனது. கரகரவென்று பின்னால் வந்தது அவள்.

எதிரொலி பின்னால்தான் வரும். இது முன்னால் வந்தது.

ஹெட்போனைக் கழற்றினாள். கம்ப்யூட்டரை அணைத்தாள். மைக்கின் ஒயரைப் பிடுங்கினாள். வாயைக் கையால் பொத்திக்கொண்டு கேட்டாள். ஃபிரிட்ஜ், மழை, கம்பளி. அப்புறம், வாசிக்கத் தொடங்கும் முன் ஒருவர் இழுக்கும் மூச்சு. எதிர் மூலையில். வெகு நிதானமாக.

கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதையாகிவிட்டது. அறையை விட்டு எப்படி வெளியே வந்தாள் என்பது அவளுக்கே தெரியாது. கூடத்தில் நின்று கணவனுக்குப் போன் செய்தாள். எடுக்கவில்லை. இந்த வீட்டை விட்டே போய்விடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. போனால் நாவல்? கம்பெனி? உடம்பெல்லாம் அசதியாக இருந்தது. இத்தனை வருடம் அது அங்கேதானே இருந்திருக்கிறது, என்ன செய்துவிட்டது? இருந்துவிட்டுப் போகட்டும், காதில் விழாமல் இருந்தால் போதும். பயத்தை விடக் களைப்பு பெரியதாக இருந்ததால், அந்த யோசனை அவளுக்கு நியாயமாகவே பட்டது.

"பழைய ஃபேனையே மறுபடி மாட்டணுமா?" கம்ப்யூட்டர் டாக்டர் சாயங்காலம் வந்து சிரித்தார். "என் சர்வீஸ்ல இப்படி ஒருத்தரும் கேட்டதில்ல மேடம்."

"சத்தம் இல்லாம வேலை ஓட மாட்டேங்குது" என்றாள், அறை வாசலிலேயே நின்றபடி.

பழைய குருடி கதவைத் திறடி என்று மாவு மில் மறுபடி இரைய ஆரம்பித்தது. அந்த இரைச்சலைக் கேட்டதும் அவளுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. அவர் போனதும் மைக்கைச் செருகிவிட்டு உட்கார்ந்தாள். வெளியே இருட்டத் தொடங்கியிருந்தது. புத்தகத்தை எடுத்து, மூலைப் பக்கம் திரும்பாமல், வாசித்தாள். ஒரு பக்கம் முடிந்தது. ஒன்றும் இல்லை. அடுத்த பக்கம். தோள்கள் கொஞ்சம் தளர்ந்தன.

கல்யாண மண்டபத்திலோ பஸ் ஸ்டாண்டிலோ இரைச்சலுக்கு நடுவில் பேச வேண்டி வந்தால் மனிதர்கள் என்ன செய்வார்கள்? குரலை உயர்த்துவார்கள்.

மூலையில் இருந்ததும் குரலை உயர்த்தியது.

அவள் கண் இன்னும் போய்ச் சேராத வரியை அது வாசித்தது. தெளிவாக. கணீரென்று. அவள் நிறுத்தினாள். அது நிறுத்தவில்லை. திரையில் ஒலிக்கோடு எழுந்து எழுந்து தாழ்ந்தது. அவள் உதடுகள் மூடியிருந்தன. பக்கம் முடிந்தது. அவள் கை புத்தகத்தைத் தொடவில்லை. அடுத்த பக்கத்தையும் அது வாசித்தது.

எழுந்திருக்க நினைத்தாள். உடம்பு நாற்காலியை விட்டு அசையவில்லை.

வாசல் கதவு திறந்தது. ஷூவைக் கழற்றும் சத்தம். கணவன்தான். கூப்பிட வாயைத் திறந்தாள். காற்று வந்தது. குரல் வரவில்லை.

"ரேடியோ! இன்னுமா முடியல?"

"இதோ முடிஞ்சிடுச்சுங்க. குடிக்கக் கொஞ்சம் தண்ணி கொண்டு வாங்களேன்."

கமறல் இல்லாத குரல். கல்யாணமான புதிதில் அவளிடம் இருந்த குரல்.

அவன் டம்ளரோடு உள்ளே வந்தான். முகமெல்லாம் சிரிப்பு. "அடடே, தொண்டை நல்லாயிடுச்சு போலிருக்கே!"

அவள் அவன் கையைப் பிடிக்கக் கை நீட்டினாள். பிடிக்கவும் பிடித்தாள். அவன் பார்வை நாற்காலியின் மேல் பட்டு, அங்கே ஒன்றும் இல்லாதது போலத் தாண்டிப் போனது. குளிர்ந்த காற்று பட்டவன் மாதிரி மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டு நேராக மூலைக்கு நடந்தான். டம்ளரை நீட்டினான்.

இரண்டு கம்பளிகளுக்கு நடுவிலிருந்து ஒரு கை வந்து, டம்ளரைப் பதமாக வாங்கிக்கொண்டு உள்ளே போனது. மடக் மடக்கென்று குடிக்கும் சத்தம் கேட்டது. ஒவ்வொரு மடக்குக்கும் அவளுடைய தொண்டை இன்னும் கொஞ்சம் வறண்டது.