மெழுகுவர்த்திச் சந்தின் மஞ்சள் நைட்டி

பல் துலக்குவதற்கு முன்பே ஜன்னல் திரையை விலக்கிவிட வேண்டும் என்பது மெழுகுவர்த்திச் சந்தின் சட்டம். செங்கமலம் அன்றும் விலக்கினாள். வெளியே எலுமிச்சம்பழம் அளவில் துணைவிழிகள் கூட்டமாக மிதந்தன. பிறந்த குழந்தைக்குத் தடுப்பூசியோடு சேர்த்துக் கொடுத்துவிடும் கருவி அது. உடையவர் போகுமிடமெல்லாம் கூடவே போய்ப் பதிவு செய்யும். உடையவர்களோ, செவ்வாய்க் கிரகத்திலிருந்து காலை விண்ணோடத்தில் வந்திறங்கிய சுற்றுலாப் பயணிகள். எல்லோரும் வீட்டுக்கு முதுகைக் காட்டி நின்றார்கள்.

“திருட்டுப் பசங்க,” என்றாள் செங்கமலம். “நேராப் பாக்கத் துணிச்சல் இல்ல. அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டு கண்ண மட்டும் ஏவி விடுறானுங்க.”

பிலடெல்பியாவில் விடுதலை மணிக்குப் போனவர்கள் அடுத்து வருவது இந்தச் சந்துக்குத்தான். செங்கல் பாவிய குறுகிய தெரு. ஆயிரத்து எழுநூறுகளில் கட்டிய வீடுகள். ஒன்றைத் தவிர எல்லா வீட்டிலும் இயந்திரப் பெண்கள் சுருக்கு வைத்த வெள்ளைத் தொப்பியோடு ராட்டை சுற்றினார்கள், வெண்ணெய் கடைந்தார்கள். அந்த ஒரு வீடு செங்கமலத்தின் அப்பா வாங்கியது. அதில் அவள் மஞ்சள் நைட்டியில் நின்று தோசை சுட்டாள். மாவு ஊற்றும் இடைவெளியில் ஜன்னலைப் பார்த்து நாக்கைத் துருத்துவதும் உண்டு.

தெரு நிர்வாகி வெஸ்லிக்கு அவளைக் கண்டாலே வயிறு எரியும். அவன் ஆங்கிலத்தில் பேச, சட்டைக் காலரில் இருந்த பெயர்ப்பி அதைச் செந்தமிழாக்கும். செங்கமலத்துக்கு ஆங்கிலம் நன்றாகவே தெரியும். ஆனாலும் பெயர்ப்பியைப் போட்டால்தான் பேசுவேன் என்பாள். அவனை அலைக்கழிப்பதில் அவளுக்கு ஒரு சுகம்.

“அம்மணி, தங்கள் ஆடை பதினெட்டாம் நூற்றாண்டைக் குலைக்கிறது. தொப்பி அணியுங்கள். இல்லையேல் இல்லத்தை இழப்பீர்கள்.”

“ராட்டை சுத்தத்தான் உங்கிட்ட இயந்திரம் இருக்கே. இந்தத் தெருவுல நெசமாக் குடியிருக்கிறது நான் ஒருத்திதான். வேணும்னா என்னையும் வரலாறுன்னு சொல்லிக்கோ.”

வெஸ்லி வழக்குப் போட்டான். பயணிகள் காணும் காட்சியை அவள் கெடுத்தாள் என்று நிரூபணமானால் வீடு நிர்வாகத்துக்குப் போய்விடும். அவளுக்காக வாதாட வந்தவன் தம்பி பரிதி.

“அக்கா, ஒரு தொப்பிதானே? போட்டுத் தொலையேன்.”

“வீடு போனாலும் போகட்டும், போட மாட்டேன்டா!”

வழக்கை விசாரித்தது நீதிப்பொறி. சந்துக்கு வந்துபோன துணைவிழிகளின் பதிவுகள் அனைத்தையும் வெஸ்லி அதன் முன் கொட்டினான்.  அப்பாவின் வீடு கையை விட்டுப் போகப்போகிறது. ஆனாலும் செங்கமலம் தலையை நிமிர்த்திக்கொண்டாள். போனால் என்ன, சூரியக் குடும்பமே அவளுடைய நைட்டியைப் பார்த்திருக்கிறது; இனி யாராலும் அதை அழிக்க முடியாது.

ஒரு தும்மல் நேரத்தில் பொறி எல்லாவற்றையும் பார்த்து முடித்தது.

“இந்தப் பதிவுகளில் இவர் இல்லை,” என்றது. “எல்லாவற்றிலும் பதிவு செய்தவரின் முகம் இருக்கிறது, புன்னகை இருக்கிறது. பின்னால் செங்கல் நிறத்தில் ஏதோ மங்கலாகத் தெரிகிறது. ஒன்றில் மட்டும் காதோரம் மஞ்சளாக ஒரு பொட்டு. அது வெயிலாகவும் இருக்கலாம். ராட்டை சுற்றும் இயந்திரங்களும் எதிலும் இல்லை. யாரும் பார்க்காத காட்சியை எவரும் கெடுக்க முடியாது. வீடு இவருடையதே.”

பரிதி துள்ளிக் குதித்தான். வெஸ்லி காலரிலிருந்த பெயர்ப்பியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டான். செங்கமலம் மட்டும் பேயறைந்தவள் போல நின்றாள்.

“ஒருத்தன்கூடவா பாக்கல? இத்தன வருஷமா நான் யாருகிட்டடா மல்லுக்கு நின்னேன்?” என்றவள் பொறியின் பக்கம் திரும்பினாள். “அவனுங்களத் திரும்பி நிக்கச் சொல்லுங்க! உத்தரவு போடுங்க!”

“பதிவு செய்வதற்கு உரிமை இருக்கிறது. பார்த்தே ஆக வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை,” என்றது பொறி.

வெளியே வந்தும் அவள் கோபம் அடங்கவில்லை. நீதிமன்றத்துக்குப் பக்கத்திலேயே விடுதலை மணியின் மண்டபம். இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தும், கூட்டத்துக்குப் பயந்து அவள் உள்ளே போனதில்லை. இன்று விடுவிடுவென்று நடந்தாள்.

“எங்கக்கா போற?”

“இந்த ஊர்ல எதையாவது, ஒருத்தியாவது, ஒழுங்காப் பாக்கணும்டா. அத நான் பாக்கிறேன். எவன் தடுக்கிறான்னு பாத்துடலாம்!”

எவனும் தடுக்கவில்லை. முதுகைக் காட்டி நின்றவர்களை முழங்கையால் விலக்கிக்கொண்டு அவள் மணிக்கு முன்னால் போய்ச் சேர்ந்தாள். அப்போது பரிதி, “அக்கா, செவ்வாய்ச் சித்தி தீர்ப்பு என்னாச்சுன்னு கேட்டுக்கிட்டே இருக்காங்க. ஜெயிச்ச முகத்தோட ஒரு படம் அனுப்பிடு,” என்றான்.

அதுவும் நியாயமாகத்தான் பட்டது. கைப்பையிலிருந்து அவளுடைய துணைவிழி எழும்பியது. செங்கமலம் மணிக்கு முதுகைக் காட்டி அதன் பக்கம் திரும்பினாள், நீதிமன்றத்துக்கென்று கட்டிவந்த புடவையின் முந்தானையைச் சரிசெய்துகொண்டாள், வெற்றி முகம் முழுக்கத் தெரியச் சிரித்தாள். பசி வேறு, இருவரும் அப்படியே வீட்டுக்குக் கிளம்பினார்கள்.

சாப்பிடும்போது சித்தியின் குரல் வந்தது. “ஏண்டி கமலம், மணிகிட்டயே போய் நின்னிருக்கியே! அதுல விரிசல் விட்டிருக்குமாமே, பெருசாவா இருக்கு?”

செங்கமலம் படத்தை விரித்துப் பெரிதாக்கித் தேடினாள். அவள் தலை மறைத்திருந்தது.