சோத்துக்கைப் பக்கம்

காதுக்குள் தேவாலய மணி அடித்தது.

அருந்தவன் திடுக்கிட்டு நின்றான். டார்னெய்ட் புறநகரின் புதுக் குடியிருப்பில், குளத்தைச் சுற்றிய நடைபாதையில், செய்தி கேட்டபடி நடந்துகொண்டிருந்தவன் அவன். போனை எடுத்துப் பார்த்தான். செய்தி நின்றுபோய், ஒரு ஜெர்மன் நகரத்தின் வரைபடம் திரையில் விரிந்திருந்தது.

சிவாஜினியின் வேலை. டிசம்பர் விடுமுறைக்கு ஐரோப்பா போவோம், நீங்கள் முதலில் அகதியாக இருந்த ஊரையும் பிள்ளைக்குக் காட்டுவோம் என்று அவன் மனைவி ஒற்றைக்காலில் நின்றாள். வழிகாட்டி இல்லாமல், காதில் கேட்டபடியே பழைய இடங்களை நடந்து பார்க்கும் செயலி ஒன்றை அவன் போனில் ஏற்றியும் விட்டாள். "தமிழிலயும் இருக்கப்பா!" என்று அவளுக்கு ஒரே சந்தோஷம். அவன் அதைத் திறந்தே பார்க்கவில்லை.

"பழைய நகரத்திற்கு நல்வரவு. முதலாவது இடம், வடக்கு வாசல். கோபுரத்தின் கீழாகச் செல்லவும்" என்றது உயிரில்லாத பெண் குரல்.

நிறுத்தும் பொத்தானை அழுத்தினான். நிற்கவில்லை. நீலப் புள்ளி வடக்கு வாசலின் அடியில் துடித்துக்கொண்டிருந்தது. ஓர் அடி வைத்தான். புள்ளியும் ஓர் அடி நகர்ந்தது.

பழைய போன், புத்தி பேதலித்துவிட்டது என்று சிரித்துக்கொண்டு வீட்டுப் பக்கம் திரும்பினான். சிவாஜினி ஆஸ்பத்திரியில் மாலை ஷிஃப்ட். மகள் மிதுனா வீட்டில் தனியே ஹோம்வேர்க் செய்துகொண்டிருந்தாள். ஜூலை இங்கே குளிர்காலம்; வெளிச்சம் சட்டென்று வடிந்துகொண்டிருந்தது. பாதி கட்டிய வீடுகளிலிருந்து பச்சை மரவாசனையும், யாரோ வெங்காயம் வதக்கும் வாசனையும் காற்றில் கலந்து வந்தன. அதற்கு அடியில் வேறொன்றும் வந்தது. நிலக்கரிப் புகை. இந்தப் பக்கத்தில் நிலக்கரி எரிப்பவர் யார்?

"அடுத்தது, பழைய கிணறு."

தண்ணீர் சொட்டும் ஓசை காதுக்குள் கேட்டது. அவன் காதில் செருகியிருந்த இயர்போன்களைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டான். சொட்டும் ஓசை நிற்கவில்லை. கொங்கிரீட் பாதையில் பட்ட அவன் சப்பாத்துகள், கருங்கல் பாவிய தெருவில் நடப்பதுபோல் டக்டக் என்று எதிரொலித்தன.

"அடுத்தது, நகர மண்டபம். வலப்புறம் திரும்பவும்."

கையிலிருந்த போன்தான் இப்போது பேசியது. வலப்புறம் அவன் தெரு. அவன் திரும்பவில்லை. தெருமுனையிலேயே நின்றான்.

பெண் குரல் அறுந்தது. பிறகு ஓர் ஆண் குரல், சளி கட்டிய குரல், மெதுவாகச் சொன்னது.

"சோத்துக்கைப் பக்கம் திரும்படா."

எந்தச் செயலியும் அப்படிச் சொல்லாது. வளர்ந்த பிறகும் வலம் இடம் குழம்புகிறவனுக்கு அப்படிச் சொல்லிச் சொல்லி வழிகாட்டியவர் ஒருவர்தான். கூடப்பிறந்த சிறி அண்ணன்.

களவாக எல்லை கடத்திவிட்ட ஏஜென்சிக்காரன் இருவரையும் பனிக்குள் இறக்கிவிட்டுப் போன இரவில், ஊருக்கு வெளியே ஒரு சின்ன மாதா கோயிலடியில் அண்ணனின் கால் பிரண்டது. அதற்குமேல் அவரால் நடக்க முடியவில்லை. தம்பியின் சப்பாத்து கிழிந்திருப்பதைப் பார்த்துத் தன்னுடையதைக் கழற்றிக் கொடுத்தார். ஊருக்குள் போய் ஆரையாவது கூட்டி வா என்றார். அருந்தவன் போனான். வாசல், கிணறு, நகர மண்டபம் எல்லாம் தாண்டி, விளக்கெரிந்த பேக்கரி ஒன்றுக்குள் நுழைந்தான். ஒரு கிழவி சுடச்சுடப் பால் கொடுத்தாள். எதிரே பொலிஸ் நிலையம். வாய் திறந்தால் திருப்பி அனுப்புவார்கள். இன்னும் கொஞ்சம் பொறுத்து, இன்னும் கொஞ்சம் பொறுத்து என்று அந்தச் சூட்டிலேயே இருந்துவிட்டான். விடிந்த பிறகு போவதற்கு இன்னும் பயமாக இருந்தது. போகவேயில்லை.

எல்லையிலேயே பிரிந்துவிட்டோம் என்று அம்மாவிடம் சொன்னான். அவள் அந்தக் கவலையிலேயே கண்ணை மூடினாள். சிவாஜினியிடம், தான் தனிப்பிள்ளை என்றான்.

போன் அதிர்ந்தது. மிதுனா.

"அப்பா, வெளியில ஒராள் நிக்கிறார்."

"டோரைத் திறக்காத!"

"அவருக்குக் குளிருதாம். என்ர பெரியப்பாவாம். ஹவ் கம் எனக்கொரு பெரியப்பா இருக்கிறார் எண்டு நீங்க சொல்லவே இல்ல?"

உண்மையைச் சொல்ல வாய் திறந்தான். சொன்னால் அவள் அம்மாவிடம் சொல்வாள்.

"உனக்குப் பெரியப்பா ஒருத்தரும் இல்ல. அந்தாள் பொய் சொல்லுது."

"நோ அப்பா, அப்படியே உங்கட மூக்கு. பாவம், கால்ல ஒண்டுமே போடேல்ல."

"மிதுனா, சொல்லுறதக் கேள்..."

அழைப்பு அறுந்தது. திரையில் மறுபடி வரைபடம்.

அவன் அசையாமல் நின்றான். நீலப் புள்ளி நிற்கவில்லை. அவனை விட்டுவிட்டு, தெருவழியே, ஒவ்வொரு வீடாகத் தாண்டிப் போனது. நொண்டி நொண்டி.

ஓடினான்.

மூச்சு வெண்புகையாக வந்தது. கராஜ் கதவுகள். குப்பைத் தொட்டிகள். ரொட்டி வேகும் மணம். பால் மணம். தெருவிளக்கு ஒன்று. அடுத்தது எரியவில்லை. அவன் வீடு.

கதவு திறந்திருந்தது.

"மிதுனா!"

ஹீட்டர் ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் வீடு விறைத்துக் கிடந்தது. மேசையில் கணக்குக் கொப்பி, மூடி திறந்த பேனை. தரை ஓடுகளில் ஈரம். வெறுங்கால் தடங்கள், பெரியவை, விரல்கள் சில இல்லாதவை, வாசலிலிருந்து உள்ளே வந்திருந்தன. மேசையடியில் சின்னத் தடங்கள் அவற்றோடு சேர்ந்துகொண்டன. இரண்டும் பக்கம் பக்கமாக நடைவழியில் போயின.

தொடர்ந்து போனான். அறைகள் இருட்டாக இருந்தன. நடைவழி முடியும் வெள்ளைச் சுவர்வரை தடங்கள் போயின. அங்கே பெரிய தடம் மட்டும் திரும்பியிருந்தது. அவனை நோக்கி. அவன் நின்ற இடம்வரை. அவனைத் தாண்டியும்.

பின்னால் யாரோ கதவைச் சாத்தினார்கள்.

அவனால் திரும்பிப் பார்க்க முடியவில்லை. கையிலிருந்த போனில் காற்று ஊளையிட்டது. அதற்குள்ளிருந்து, வெகு தூரத்திலிருந்து, மிதுனாவின் குரல் வந்தது. அவள் பற்கள் குளிரில் தந்தியடித்தன.

"அப்பா, பெரியப்பா என்னை இந்தச் சின்னக் கோயிலடியில விட்டுட்டு, நீங்க வந்து கூட்டிக்கொண்டு போவீங்க எண்டு சொல்லிப்போட்டுப் போயிட்டார்... இங்க ஏன் எல்லாம் வெள்ளையாக் கிடக்கு?"