பெருவிரலில் வெள்ளைத் துணி

மூன்று மணிக்கு விசாரணை. றுமானா வந்து சேர்ந்தபோதே ஒன்றேகால். ஆம்புலன்ஸ் உதவியாளர் உடுப்பைக்கூட மாற்றவில்லை. தந்த கதிரையிலும் இருக்காமல் சுலோஜனாவின் முன்விறாந்தையில் அங்குமிங்கும் நடந்தாள்.

சுலோஜனா இருபத்தாறு வருடம் நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்தவர். பொய் எந்த மொழியில் வந்தாலும் அவருக்கு விளங்கும் என்று திருகோணமலையில் ஒரு கதை உண்டு. அவர் ஆற அமரத் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டு நஸ்ரிதான் ஆட்டோத் திறப்புக் கொத்தை விரலில் சுழற்றியபடி வாசலில் நின்று துடித்தான். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். சுலோஜனாவோடு துப்பறியப் புறப்பட்ட நாளிலிருந்து நஸ்ரி அதை மெய்ப்பித்துக்கொண்டே வருகிறான்.

"முந்தாநாள் லிங்கநகர் சோமசேகரம் ஐயாவ நான் கிடத்திக் கொண்டுபோனதாலதான் அவருக்கு வருத்தம் கடுமையானதாம். மகன் வினோதன் ஆஸ்பத்திரியில எழுதிக் குடுத்திருக்கார், மிஸ். பிழை என்னில எண்டு வந்தா வேலை போயிரும்."

"கிடத்தினீங்களோ, பிள்ளை?"

"இல்ல, மிஸ். அவருக்கு இதயம் பலவீனம், சுவாசப்பையில நீர். கிடத்தினா அந்த நீர் நெஞ்சு முழுக்கப் பரவும். நான் நிமித்தி இருத்தி, காலத் தொங்கப் போட்டு, ஒட்சிசன் குடுத்தனான். பிரஷர் பார்த்திட்டு நாக்குக்குக் கீழ ஸ்பிறே அடிச்சனான். சேலைன் ஏத்தச் சொல்லி மகன் சத்தம் போட்டவர், நான் ஏத்தேல்ல. நாங்க போகக்குள்ளயே ஆள் கட்டில்ல மல்லாக்கக் கிடந்தவர். வாயில ரோஸ் நுரை."

"மகன் என்ன சொல்றார்?"

"கதிரையில இருந்தவர நான்தான் கிடத்தினனாம். எங்கட ட்ரைவர் சாட்சி சொன்னா, அவர் உங்கட ஆள்தானே எண்டுறாங்க."

"வீட்டில கண்டதெல்லாம் சொல்லுங்கோ. தேவையில்லாததையும்."

றுமானா நடையை நிறுத்தினாள். "கட்டில் ஹோல் நடுவில கிடந்தது. தலகணி இல்ல. தலமாட்டில குத்துவிளக்கு எரிஞ்சது. பகல் பன்னிரண்டு மணி, கரண்ட் போயிட்டாக்கும் எண்டு நினைச்சன். மேல ஃபேன் சுத்தினதால ஐயாவுக்குக் கொஞ்சம் காத்தாவது கிடைச்சுது. ஒரு கால் பெருவிரல்ல வெள்ளைத் துணி கட்டியிருந்தது. அவிழ்த்துப் பார்த்தன், காயம் ஒண்டுமில்ல."

சுலோஜனா கோப்பையைக் கீழே வைத்தார். "நஸ்ரி, ஆட்டோவை எடுங்கோ."

வழியெல்லாம் நஸ்ரி வாய் ஓயவில்லை. "சொத்துக்காக மகன் செஞ்ச வேலை, மிஸ்."

"அப்பிடியெண்டா அந்த வீட்டில ஆம்புலன்ஸுக்கு ஆர் ஃபோன் அடிச்சது?" என்றார் சுலோஜனா. நஸ்ரி வேகத்தைக் கூட்டினான்.

சோமசேகரத்தின் மனைவி கமலேஸ்வரி கதவைத் திறந்தார். றுமானாவைக் கண்டதும் வினோதனின் முகம் கறுத்தது. "கதைக்க நேரமில்லை, விசாரணைக்கு வெளிக்கிடுறன்," என்றான்.

"ஒரு கேள்விதான், தம்பி. உங்கட குசினி எந்தத் திசை?"

"தெற்கு. ஏன்?"

"றுமானா, ஐயாவின்ர தலை எந்தப் பக்கம் இருந்தது?"

றுமானா அடுப்புத் தெரிந்த குசினிப் பக்கம் கையைக் காட்டினாள்.

"ஃபேன் சுத்தினது, அதால கரண்ட் போகேல்லை," என்றார் சுலோஜனா. "அப்ப விளக்கு வெளிச்சத்துக்கு ஏத்தினது இல்லை. தலகணியை எடுத்துத் தெற்கே தலை வச்சிருக்கு. காயமில்லாத விரலில துணி. வருத்தக்காரருக்கு ஒருத்தரும் இதெல்லாம் செய்யிறதில்லை."

"எங்கட ஆக்களும் பெருவிரலக் கட்டுவாங்க, மிஸ்," என்றான் நஸ்ரி. "ஆனா அது ஆள் மௌத்தாகி, உயிர் போனாப் பிறகு..." பாதியிலேயே அவனுக்கு விளங்கிவிட்டது.

வினோதன் கதிரையில் விழுந்தான். "இரா முழுக்க மூச்சு இழுத்தவர். பகல் பதினொண்டரை போல கதிரையிலயே தலை சாஞ்சிட்டுது. கூப்பிட்டன், அசையேல்லை. முடிஞ்சுதெண்டு ஈச்சிலம்பற்றுச் சித்தப்பாவுக்கும் அறிவிச்சிட்டன். கிடத்தினாப் பிறகுதான் நுரை வந்தது." அவன் அழுதான். "ஆர் இவரைக் கிடத்தினதெண்டு டொக்டர் கேட்டார். பெத்த தகப்பனை உயிரோட பிரேதமாக் கிடத்தினவன் நான் எண்டு எந்த வாயால சொல்ல? பக்கத்தில இவ நிண்டவ, இவவைக் காட்டிட்டன். அப்பாவுக்குத் தெரிஞ்சா அவற்ற முகத்தில எப்பிடி முழிப்பன்?"

"அவருக்குத் தெரியும்," என்றார் கமலேஸ்வரி.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"நான் ஒரு விரலைக் கட்டிப்போட்டு மற்றக் காலைப் பிடிக்க, இழுத்துக்கொண்டார். அதுக்குப் பிறகுதான் நான் ஆம்புலன்ஸுக்கு அடிச்சனான். இண்டைக்குக் காலமை வாட்டில கதைச்சவர். 'மற்றக் காலை ஏன் கட்டாம விட்டனீர்?' எண்டு கேட்டிட்டுச் சிரிச்சவர்." அவருக்கும் சிரிப்பு வந்தது, கண்ணும் நிறைந்தது.

"இப்ப நிமித்தித்தானே வச்சிருக்காங்க?" என்று றுமானா கேட்டாள்.

"ஓம், பிள்ளை. மூண்டு தலகணி."

அப்போதுதான் அவள் அன்று முதல் முறையாக ஒரு கதிரையில் இருந்தாள்.

இரண்டரை ஆகியிருந்தது. வினோதன் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து அவள் முன்னால் நின்றான். "வாங்கோ, தங்கச்சி. அங்க நீங்கள் ஒண்டும் சொல்ல வேண்டாம். கிடத்தினது நான்தான் எண்டு நானே சொல்றன்."