பன்னிரண்டாவது சிலிண்டர்

தையல்காரர் வந்தபோது டிரில் மாஸ்டர் வாசல் விளக்கின் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். பள்ளிக்கூடத்தில் முப்பது வருடம் விசில் ஊதிப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தியவர். ஓய்வு பெற்ற பிறகு சும்மா உட்காரச் சொன்னால் உடம்பு கேட்குமா? அவர் மனைவி இதற்கு நேர் எதிர், நிதானமானவர். விபத்துக்குள்ளான கப்பல்களையும் படகுகளையும் இன்சூரன்ஸ் கம்பெனிக்காக ஆராய்ந்து அறிக்கை எழுதியவர். எல்லோருக்கும் அவர் சர்வேயரம்மா. வேலையை விட்டு நாலு வருடம் ஆகியும் கஷ்டம் என்று யாராவது தேடிக்கொண்டு வந்துவிடுவார்கள். அப்போதெல்லாம் அம்மாவைவிட ஐயாவுக்குத்தான் உற்சாகம் தலைக்கேறும்.

வந்தவரைப் பார்த்ததும் அந்த உற்சாகம் வடிந்துவிட்டது. கழுத்தில் தொங்கிய அளவு நாடாவைக்கூடக் கழற்றாமல் கடையிலிருந்து அப்படியே எழுந்து வந்திருந்தார். மூன்று வாரம் முன்பு பேப்பரில் வந்த செய்தி மாஸ்டருக்கு ஞாபகம் வந்தது. பல்கலைக்கழக டைவிங் கிளப் கடலுக்குப் போன இடத்தில் ஒரு மாணவி இறந்துபோனாள். அந்தப் பெண்ணின் அப்பா இவர்.

"கிளப்புல வருஷா வருஷம் ஒரு புத்தகம் போடுவாங்கம்மா. அந்த வருஷம் என்னென்ன செஞ்சாங்கன்னு" என்று சொல்லி, நாலாக மடித்த தாளை நீட்டினார். "திங்கக்கிழமை அச்சுக்குப் போகுது. எம் பொண்ணைப் பத்தி இதுல ஒரு வரி இருக்கு."

சர்வேயரம்மா வாய்விட்டுப் படித்தார். "படகுக்குத் திரும்பிய பிறகு, யாரிடமும் சொல்லாமல் தன்னிச்சையாக மறுபடியும் நீரில் இறங்கியதால் நம் தோழியை இழந்தோம்."

"எங்க பாப்பா அப்படிப்பட்ட பொண்ணு இல்லம்மா. ரோடே காலியா கிடந்தாலும் சிக்னல் மாறட்டும்னு நிப்பா. நானே கிண்டல் பண்ணுவேன்." கழுத்து நாடாவின் முனையைச் சுருட்டியபடி, "போனவளைத் திருப்பித் தர முடியாதுன்னு தெரியும். அடங்காதவங்கற பேரோட அவ போக வேண்டாம். அந்த ஒரு வரி போனா போதும்" என்றார்.

"உண்மை வேற மாதிரி இருந்தா அதையும் சொல்லுவேன். பரவாயில்லையா?" என்று சர்வேயரம்மா கேட்டார்.

"சொல்லுங்கம்மா. எதுவா இருந்தாலும் இதைவிட மேல்தான்."

மறுநாள் காலை பத்து மணிக்கு மூவரும் கிளப்பின் சாதன அறைக்குப் போனார்கள். நீச்சல் குளத்துக்குப் பின்புறம், ரப்பர் வாடை அடிக்கும் நீளமான அறை. விபத்து நடந்த அன்று மாலையே போலீஸ் பூட்டியது. முந்தின நாள்தான் சாவியைத் திருப்பித் தந்திருந்தார்கள். இன்னும் யாரும் ஒரு துரும்பைக்கூட நகர்த்தவில்லை. தையல்காரர் உள்ளே வரவில்லை. மகளுடைய பழைய துடுப்புக் காலணி ஆணியில் தொங்குவதைப் பார்த்துவிட்டு வெளி பெஞ்சிலேயே உட்கார்ந்துகொண்டார்.

உள்ளே மூன்று பேர் காத்திருந்தார்கள். கிளப்பின் பயிற்சியாளர், தலை நரைத்த மனிதர். செயலாளர், கடைசி வருட மாணவன். இன்னொருத்தி, அன்றைக்கு இறந்த பெண்ணோடு ஜோடியாக நீரில் இறங்கியவள். கிளப்பில் யாரும் தனியாக இறங்கக்கூடாது, ஜோடி ஜோடியாகத்தான்.

"நாங்க அவளை அயிரைன்னு கூப்பிடுவோம். அந்த மீன் மாதிரியே சின்ன உருவம், தண்ணிக்குள்ள போனா கையில சிக்க மாட்டா" என்று சொன்ன ஜோடிக்காரி உடனே அழ ஆரம்பித்துவிட்டாள். அழுகைக்கு நடுவே விஷயம் வந்தது. "கடைசியா குதிச்சது நாங்கதான். அயிரை எதையோ மாட்டிக் கழட்டிக்கிட்டு லேட் பண்ணினா. நான் முன்பக்கம் கால தொங்கப்போட்டு உக்காந்திருந்தேன், என்னன்னு திரும்பிப் பாக்கல. பாதியில எனக்குக் காது வலி தாங்கல. முன்னாடி போயிட்டிருந்த ஜோடியோட சேந்துக்கோன்னு அவளுக்குக் கை காட்டிட்டு நான் மட்டும் ஏறிட்டேன். அவங்க என்னடான்னா நாங்க ரெண்டு பேருமே மேல போறோம்னு நெனச்சுட்டாங்க. படகுல ஏறினதும் வாந்தி. கீழ போய்ப் படுத்தவ கரைக்கு வந்துதான் எந்திரிச்சேன். அப்பதான் அவ இல்லைன்னே எல்லாருக்கும் தெரிஞ்சுது."

"அப்ப அந்தப் பொண்ணு படகுல ஏறினதை யாரு பாத்தது?" என்று மாஸ்டர் குதித்தார்.

செயலாளர் முன்னால் வந்தான். "யாரும் பாக்கல சார். ஆனா வந்துட்டா. நான் எண்ணினேன். பன்னெண்டு பேர் இறங்கினோம், முதுகுல மாட்டுற காத்து சிலிண்டர், காலியானது பன்னெண்டும் வரிசையில நின்னுச்சு. ஆள் வராம சிலிண்டர் மட்டும் எப்படி சார் வரும்?"

"ஆளை எண்ணாம சிலிண்டரையா எண்ணுவாங்க!"

"அதுக்குக் காரணம் இருக்கு சார்" என்று அச்சுக்குப் போகவிருந்த புத்தகத்தின் கட்டை எடுத்து நீட்டினான்.

மாஸ்டர் ஜன்னல் பக்கம் நின்று புரட்டினார். வருடத்தின் தொடக்கத்தில் குளத்தில் புதியவர்களுக்குப் பயிற்சி. அடுத்து ஏரியைச் சுத்தம் செய்தது, அடியிலிருந்து எட்டு சைக்கிளும் ஒரு தையல் மெஷினும் எடுத்தார்களாம். பிறகு பழைய பாலத்தூணை நீருக்கடியில் அளந்தது, பள்ளிப் பிள்ளைகளுக்குச் செய்துகாட்டியது. கடைசியில் கடல். ஏரிப் பக்கத்தில் செயலாளர் பெருமையோடு எழுதியிருந்தான்: ஆட்கள் ஒரு இடத்தில் நிற்காமல் உடை மாற்றவும் சாப்பிடவும் அலைந்ததால் தலை எண்ணிக்கை மூன்று தடவை தப்பியது, அன்று முதல், மூடி போட்ட நிறைந்த சிலிண்டர்களை விட்டுவிட்டு மூடியில்லாத காலி சிலிண்டர்களை எண்ணுகிறோம், ஒரு தடவைகூடத் தப்பவில்லை.

"யோசனை என்னவோ நல்லாத்தான் இருக்கு" என்று மாஸ்டர் மனசில்லாமல் ஒத்துக்கொண்டார்.

சர்வேயரம்மா ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். "படகுல மொத்தம் எத்தனை சிலிண்டர் ஏத்துனீங்க?"

"பதினாலு. பன்னெண்டு பேருக்கு, கூட ரெண்டு" என்றார் பயிற்சியாளர். "திரும்பி வந்தது காலி பன்னெண்டு, நிறைஞ்சது ஒண்ணு. பதினாலாவது அவ முதுகுல இருந்துச்சு. மறுநாள் காலையில மீன்பிடி படகுக்காரங்கதான் கண்டெடுத்தாங்க. அவ முதல் சிலிண்டரைக் கொண்டாந்து வச்சுட்டு, புதுசு ஒண்ணை மாட்டிக்கிட்டு மறுபடி இறங்கியிருக்கா. கணக்கு வேற எப்படியும் வரலம்மா. எனக்கு மட்டும் அந்த வரியை அச்சுல பாக்க ஆசையா?"

வெளியே பெஞ்சில் இருக்கிறவருக்கு என்ன பதில் சொல்வது? மாஸ்டர் மனைவியின் காதோரம் குனிந்து, "இந்தப் பையன் மேலதான் எனக்குச் சந்தேகம். பதினொண்ணை எண்ணிட்டுப் பன்னெண்டுன்னு அடிச்சு விட்டிருப்பான்" என்று கிசுகிசுத்தார்.

"பன்னெண்டு அதோ நிக்குதேங்க" என்றார் சர்வேயரம்மா.

நின்றன. மஞ்சள் சிலிண்டர்கள் சுவரோரமாக ஒரே வரிசையில், மூடியில்லாமல். ஒவ்வொன்றின் அடியிலும் நேராக நிற்பதற்காக ஒரு கறுப்பு ரப்பர் கிண்ணம். வரிசைக்கு மேலே சுவரில் பயிற்சியாளர் கையெழுத்தில் விதிகள். மாஸ்டர் விதிகள் மேல் உயிரையே வைத்திருப்பவர், ஒன்று விடாமல் படித்தார். தனியாக இறங்காதே. மீட்டர் முள் ஐம்பதைத் தொடும்போது மேலே வந்துவிடு. கசியும் சிலிண்டரை யாரும் தெரியாமல் எடுத்து மாட்டிக்கொள்ளாதபடி, மூடியைக் கழற்றிக் காலி வரிசையில் வை. மேலே வந்ததும் மிதப்பு அங்கியில் காற்றை நிரப்பு.

சர்வேயரம்மா காற்று நிரப்புகிறவரின் நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார். அறையைப் பூட்டுவதற்கு முன்பே அந்த ஆள் ஒவ்வொரு சிலிண்டரிலும் மிச்சம் எவ்வளவு என்று பார்த்து அதன் எண்ணோடு குறித்துவிட்டார். "ஐம்பது, நாப்பத்தஞ்சு, அறுபது, பாதியில ஏறினவங்களோடது நூத்திப்பத்து... பதினொண்ணு இப்படி. ஒண்ணு மட்டும் பூஜ்யம். யாராவது காத்து தீர்ற வரைக்கும் கீழ இருந்தீங்களா?"

"சான்ஸே இல்லம்மா!" என்று பயிற்சியாளர் பதறினார். "அப்படி ஒருத்தர் வந்திருந்தா படகே ரெண்டாயிருக்கும். எல்லாரோட குறிப்பையும் நானே பாத்தேன். யாரும் நாப்பதுக்குக் கீழ போகல."

"அப்ப அந்தப் பூஜ்யம் அயிரையோடதா இருக்கும்" என்றான் செயலாளர்.

"ரோடு காலியா இருந்தாலும் சிக்னலுக்கு நிக்கிற பொண்ணா?" சர்வேயரம்மா எழுந்தார். "என்னங்க, உங்களுக்குத்தான் கை சும்மா இருக்காதே. அந்தப் பன்னெண்டோட அடி ரப்பரையும் கழட்டுங்க."

மாஸ்டர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு இறங்கினார். முதல் ரப்பரைப் பிடுங்கியதும் வெள்ளை வெளேரென்று உப்பு கொட்டியது. கடல் தண்ணீர் உள்ளே தேங்கிக் காய்ந்து பொரிந்திருந்தது. இரண்டாவதிலும் அப்படியே. மூன்று, நான்கு என்று போய்ப் பதினொன்று வரைக்கும் அவர் உள்ளங்கையெல்லாம் உப்பு. கடைசியாக, பூஜ்யம் என்று குறித்திருந்த சிலிண்டரின் ரப்பரைக் கழற்றித் தட்டினார். கொஞ்சம் தூசியும் காய்ந்த இலைத் துணுக்கு ஒன்றும் விழுந்தன. உப்பென்று ஒரு பொட்டுகூட இல்லை.

"இது கடல்ல இறங்கவே இல்லம்மா!" என்று மாஸ்டர் கத்தியேவிட்டார்.

"இறங்கல" என்றார் சர்வேயரம்மா. "தம்பி, ஆள் வராம சிலிண்டர் எப்படி வரும்னு கேட்டீங்க. போகாத சிலிண்டர் வரவே வேண்டாம், அங்கேயேதான் நிக்கும். அந்தப் பொண்ணு மாட்டிக் கழட்டிக்கிட்டு லேட் பண்ணினான்னு ஜோடியா போன இந்தப் பொண்ணு சொல்லுச்சு இல்ல? அவ எடுத்த சிலிண்டர் கசிஞ்சிருக்கு. சுவத்துல எழுதியிருக்கிறபடி மூடியைக் கழட்டிக் காலி வரிசையில வச்சா. கூட இருந்த ரெண்டுல ஒண்ணை மாட்டிக்கிட்டுக் குதிச்சா. வச்சது காத்தையெல்லாம் விட்டுட்டுப் பூஜ்யத்துக்கு வந்துருச்சு. நீங்க எல்லாரும் ஏறினப்போ நனைஞ்ச காலி பதினொண்ணு, காய்ஞ்ச காலி ஒண்ணு. நீங்க சரியாத்தான் எண்ணினீங்க தம்பி. பன்னெண்டுதான்."

பயிற்சியாளர் சுவரைப் பார்த்தபடியே நின்றார். "அந்த விதி நான் எழுதினது. எண்ணற வழி இவன் கொண்டாந்தது. வருஷம் பூரா ரெண்டும் பக்கத்து பக்கத்துலயே இருந்துச்சு. ரெண்டையும் சேத்து வச்சு யோசிக்கணும்னு எனக்குத் தோணவே இல்லையே."

"கடலுக்குப் போற வரைக்கும் ஒரு சிலிண்டரும் கசிஞ்சிருக்காது" என்றார் சர்வேயரம்மா.

செயலாளர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். மாஸ்டர் சற்று முன்பு அவனைத் திருடனைப் போலப் பார்த்ததை நினைத்துக் கூசினார். யாரைப் பிடித்து உலுக்குவது? பொய் சொன்னவன் ஒருத்தனாவது கிடைத்திருந்தால் நாலு வார்த்தை கேட்டு ஆற்றிக்கொண்டிருக்கலாம்.

அந்த ஆத்திரத்தில்தான் அவர் வாயை அடக்காமல் மேஜைமேல் இருந்த, அவள் உடம்பில் கிடைத்தவை பற்றிய போலீஸ் பட்டியலைப் படித்துத் தொலைத்தார். "அவ மேல இருந்த சிலிண்டர்ல மிச்சம் எழுபது. அங்கி நிறையக் காத்து. இடுப்புல ஈயக் கச்சை இல்லை... இது எதுக்கு?"

"கீழ போறதுக்குத்தான் ஈயம் கட்டுவோம். மேல மிதந்துக்கிட்டு நிக்கணும்னா அவுத்து விட்டுருவோம்" என்று ஜோடிக்காரி சொன்னாள். சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அப்ப அந்தப் பொண்ணு மேலதான்..." என்று மாஸ்டர் ஆரம்பித்தார். மனைவி அவர் கையை அழுத்திப் பிடித்தார். அப்போதுதான் அவர் வாசலைக் கவனித்தார். அவர் போட்ட கத்தலில் எழுந்து வந்த தையல்காரர் கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.

"கேட்டேன்மா, எல்லாத்தையும் கேட்டேன்" என்றார். முகத்தில் மூன்று வாரமாக இல்லாத ஒரு வெளிச்சம். "நான்தான் சொன்னேனே. எங்க பாப்பா சொன்னபடிதான் செஞ்சிருக்கா. எல்லாமே சொன்னபடி." உள்ளே வந்து செயலாளரின் தோளைத் தொட்டு, "அழாதீங்க தம்பி. அந்த வரியை மட்டும் அடிச்சிருங்க" என்றார்.

செயலாளர் பேனாவை எடுத்து அந்த வரியை அடித்தான். தையல்காரர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வெளிச்சம் மெல்ல மெல்ல அவர் முகத்தைவிட்டுப் போனதை மாஸ்டர் கண்ணால் பார்த்தார்.

"அப்படின்னா படகு கிளம்பினப்போ எங்க பாப்பா எங்க இருந்தா?"

மாஸ்டருக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது.

"மேல இருந்தாங்க" என்றார் சர்வேயரம்மா. "கொஞ்சம் தள்ளி."

"படகைப் பாத்திருப்பாளா?"

"பாத்திருப்பாங்க."

"எவ்வளவு நேரம்மா?"

"அது தெரியல. எனக்கு மட்டுமில்ல, யாருக்குமே தெரியாது."

தையல்காரர் ஸ்டூலைத் தடவிப் பார்த்து உட்கார்ந்தார். "பாப்பாவோட அம்மா ஒரே ஒரு நினைப்புலதான் கொஞ்சமாவது கண்ணை மூடுறா. உள்ள போனா, மூச்சு முட்டுச்சு, ரெண்டே நிமிஷம், முடிஞ்சு போச்சு. தெனமும் எங்கிட்ட அதையே கேப்பா, ஆமான்னு சொல்லுவேன்." பிறகு மெதுவாக, "அந்த வரி இருந்துட்டுப் போகட்டுமாம்மா?" என்று கேட்டார்.

சர்வேயரம்மா அவர் பக்கத்தில் வந்து நின்றார். "முடியாதுங்க. அடுத்த மாசம் இதே படகுல புதுப் பிள்ளைங்க போகுது. இதே மாதிரி எண்ணுவாங்க."

"ஆமா. அதுவும் யாரோ பெத்த பிள்ளைங்கதான்" என்று அவர் தலையாட்டினார். "எழுதுங்க தம்பி. விதிப்படி மேல வந்தா, படகு தெரியாம விட்டுட்டுப் போயிருச்சுன்னு எழுதுங்க. வேற ஒண்ணும் வேண்டாம்."

செயலாளர் எழுதினான். எழுதி முடித்துத் தாளை நீட்டினான். தையல்காரர் படித்துவிட்டு நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். வாசல் வரை போனவர் திரும்பி மாஸ்டரிடம் வந்தார்.

"சார், இதைப் படிச்சா எம் வீட்டுக்காரி விடமாட்டா. நான் கேட்டதையேதான் அவளும் கேப்பா, எவ்வளவு நேரம்னு. ரெண்டு நிமிஷம்னு சொல்லட்டுமா?"

மாஸ்டர் மனைவியைப் பார்த்தார். சர்வேயரம்மா குனிந்து தரையில் கொட்டிக் கிடந்த உப்பைத் துடைப்பத்தால் ஒதுக்கிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"சொல்லுங்க" என்றார் மாஸ்டர். "நானும் கூட வந்து சொல்றேன்."