பூனைக்குப் பால் வெச்சியா

வாசற்படியில், செருப்பு விடும் இடத்துக்குப் பக்கத்தில், ஒரு சின்ன எவர்சில்வர் கிண்ணத்தில் பால் இருந்தது. வடிவு வீட்டில் பூனை கிடையாது. அந்த வரிசையிலேயே எவரும் பூனை வளர்க்கவில்லை. குனிந்து தொட்டுப் பார்த்தாள். காய்ச்சின பால், மேலே ஆடை படிந்து, கிண்ணத்தில் இன்னும் லேசான சூடு இருந்தது. அம்பத்தூர் எஸ்டேட்டில் பகல் முழுக்க மெஷினோடு மாரடித்து, ரயிலில் நசுங்கி, நெமிலிச்சேரி ஸ்டேஷனிலிருந்து சேற்றில் கால் பாவாமல் நடந்து வந்தவளுக்கு அந்தச் சூடு விரலில் ஒட்டிக்கொண்ட மாதிரி இருந்தது. புடவையில் துடைத்துக்கொண்டாள்.

"அக்கா, இந்தப் பால நீயா வெச்ச?" என்று பக்கத்து வீட்டு சுசீலாவைக் கேட்டாள்.

"ஆமாண்டி, எனக்கே டீக்குப் பால் இல்ல, ஊர்ப் பூனைக்கு வெக்கப் போறேன்" என்றாள் சுசீலா. அவள் தெருமுனையில் தள்ளுவண்டி போட்டு இட்லி விற்பவள். அப்போதும் ஒரு கையில் சட்னி வாளி இருந்தது. "எதுனா கொழந்தைங்க வெளாட்டா இருக்கும். எடுத்து ஊத்திட்டுப் போ."

ஊற்றிவிட்டாள். ஆனால் மனசிலிருந்து அதை ஊற்ற முடியவில்லை. ஏனென்றால் பூனை என்று ஒன்று அந்த வீட்டில் இல்லாவிட்டாலும், பூனை என்ற பேச்சு இருந்தது. அது வடிவுக்கும் அவள் மகள் காவ்யாவுக்கும் மட்டுமே தெரிந்த பேச்சு. கணவன் மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்தபிறகு அந்த ஒற்றை அறை வீட்டில் அவர்கள் இருவர்தான். காவ்யா மூன்றாம் வகுப்பு. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் அம்மா திரும்பும்வரை கதவைச் சாத்திக்கொண்டு தனியாகத்தான் இருக்க வேண்டும். போன வருஷம் பக்கத்துத் தெருப் பிள்ளையை ஒருவன், 'உங்கம்மா கூட்டியாரச் சொன்னாங்க' என்று பைக்கில் ஏற்றப் பார்த்தான். அன்றைக்கு ராத்திரியே வடிவு மகளுக்கு ஒரு ஏற்பாடு சொல்லிக்கொடுத்தாள். அம்மா வந்தால் கதவைத் தட்ட மாட்டாள். ஜன்னல் கம்பியில் வளையலைத் தட்டுவாள். தட்டிவிட்டு, "பூனைக்குப் பால் வெச்சியா?" என்று கேட்பாள். இதைக் கேட்டால் மட்டும்தான் தாழ்ப்பாளில் கை வைக்க வேண்டும்.

இவ்வளவு கெட்டிக்காரி, அதைப் போய் ஊருக்கே சொல்லித் தொலைத்தாள்.

போன மாசம் வார்டு ஆபீஸ்காரர்கள் கல்யாண மண்டபத்தில் ஒரு கூட்டம் போட்டார்கள். குழந்தைகள் பாதுகாப்பு பற்றி மக்களிடம் கருத்துக் கேட்கும் கூட்டம். உள்ளே நுழையும்போதே பெயர், போன் நம்பர், கதவு எண், பிள்ளைகள் எந்த நேரத்தில் தனியாக இருப்பார்கள் என்பதுவரை எழுதி வாங்கிக் கையெழுத்தும் வாங்கிக்கொண்டார்கள். கூட்டத்தை நடத்திய கோகுல்நாத் சார் மைக்கைத் தூக்கிக்கொண்டு, "உங்க வீட்ல நீங்க கையாள்ற நல்ல யோசனைய எல்லாருக்கும் சொல்லுங்க, சிறந்ததுக்குப் பரிசு இருக்கு" என்றார். வடிவு அதுவரை மைக்கைத் தொட்டதே இல்லை. எழுந்தாள். மைக் கம்பியில் வளையலைத் தட்டியே காட்டினாள். பூனையைச் சொன்னாள். "எம்பொண்ணு, வேற யார் வந்து கத்துனாலும் தொறக்காது சார்!" என்று சொல்லிவிட்டு வெட்கத்தில் சிரித்தாள். மண்டபமே கைதட்டியது, பக்கத்தில் உட்கார்ந்திருந்த காவ்யாவும் தட்டினாள். ரகசிய வார்த்தையை மைக்கில் சொன்னதற்கு ஒரு டிபன் பாக்ஸ் பரிசு! இருந்த கூட்டத்தில் ஒருத்தருக்காவது உறைத்ததா? இல்லை. அவளுக்கும் உறைக்கவில்லை. அந்த டிபன் பாக்ஸில்தான் அவள் தினமும் சோறு கொண்டுபோகிறாள்.

மறுநாள் மாலையும் பால் இருந்தது. அதே கிண்ணம்.

அதற்கு அடுத்த காலை, காவ்யாவுக்குப் பின்னல் போட்டுக்கொண்டிருந்தபோது, பின் தெருவிலிருந்து குப்பை வண்டியின் ஸ்பீக்கர் கேட்டது. வழக்கமாக மக்கும் குப்பை மக்காத குப்பை என்று பாட்டுப் போடும் வண்டி. இன்றைக்குப் பாட்டு இல்லை. கம்பியில் வளையல் படும் சத்தம். பிறகு ஒரு பெண் குரல், இரைச்சலும் கரகரப்புமாக, தெருக்களின் சந்து பொந்தெல்லாம் நுழைந்து வந்தது.

"பூனைக்குப் பால் வெச்சியா?"

வடிவின் கையிலிருந்து ரிப்பன் நழுவியது. அது அவள் குரல்.

"ம்மா! நீ வண்டில பேசற!" என்று காவ்யா குதித்தாள். வடிவு வெளியே ஓடிப் பார்ப்பதற்குள் சத்தம் தேய்ந்துவிட்டது. வண்டி கண்ணில் படவில்லை. திரும்பி வந்து மகளின் தோளைப் பிடித்து உலுக்காத குறையாகச் சொன்னாள்: "இத பாரு கண்ணு, இனிமே அந்த வார்த்த கெடையாது. இன்னிக்கி யார் சொன்னாலும் தொறக்காத. சாய்ந்தரம் வந்து புதுசா ஒண்ணு சொல்லித் தரேன்."

"நீ சொன்னாலுமா?"

ஸ்கூல் ஆட்டோ ஹாரன் அடித்தது. காவ்யா பையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். 

அன்று மூன்று மணிக்குப் பர்மிஷன் போட்டுவிட்டு, வீட்டிலிருந்து சில ஸ்டேஷன் தள்ளியிருந்த வார்டு ஆபீஸுக்குப் போனாள். ஃபேன் காற்றில் சுவரில் ஒரு புது ஃப்ளெக்ஸ் படபடத்தது. அதில் டிபன் பாக்ஸ் வாங்கும் வடிவு, பக்கத்தில் காவ்யா, கீழே தெருப் பெயர், கதவு எண். கோகுல்நாத் எழுந்து நின்று, "வாங்க மேடம், உங்களோடதுதான் சக்சஸ் ஸ்டோரி!" என்றார். அவர் முகத்தில் துளி சங்கடம் இல்லை.

"இன்னா சார் பண்ணி வெச்சிக்கிறீங்க? எம்பொண்ணு ஊட்ல தனியா கீது சார்!"

"நீங்க கையெழுத்துப் போட்டிருக்கீங்களே மேடம். விழிப்புணர்வுக்காக நீங்க அன்னிக்கு மைக்ல பேசுன ஆடியோவ எல்லா வார்டு வண்டியிலயும் குடுத்துட்டோம்."

"நான் எழுதிக் குடுத்தது? போன் நம்பரு, பாப்பா தனியா இருக்கற நேரம்… அதெல்லாம் யார் பாப்பாங்க?"

"கம்ப்யூட்டர்லதான் இருக்கு. லிங்க் இருக்கறவங்க மட்டும் பாக்கலாம்."

"லிங்க் யார்கிட்ட கீது?"

அவர் முதன்முறையாகத் தயங்கினார். "ஏரியா குரூப்ல போட்டோம். அவங்க வேற குரூப்ல போட்டிருக்கலாம்."

"சார், உங்க கால்ல வுழறேன். அழிச்சிடுங்க சார்."

"எங்ககிட்ட இருக்கறத அழிச்சிடலாம் மேடம். எடுத்துக்கிட்டவங்ககிட்ட இருக்கறத நாங்க என்ன பண்ண முடியும்?" என்றவர், அவள் அழுகையைப் பார்க்க முடியாமல் போனை எடுத்தார். "உங்க முன்னாலயே வண்டில நிறுத்தச் சொல்லிடறேன்." ஸ்பீக்கரில் போட்டார். அவள் ஏரியா வண்டியை ஓட்டும் மதுரைவீரன் பேசினார்.

"மதுரைவீரன், அந்தப் பூனை ஆடியோவ இன்னையோட நிறுத்திடுங்க."

"எங்க சார் போடறது? வண்டி பேட்டரி புட்டுக்கினு முந்தாநாளே ஷெட்டுக்கு வந்துட்ச்சு. அந்தப் பக்கம் எந்த வண்டியும் போவல சார்."

ஃப்ளெக்ஸ் சுவரில் அடித்துக்கொண்டது. கோகுல்நாத் போனை வைத்தார். அவள் முகத்தைப் பார்க்காமல் மேஜையில் இருந்த பேனாவை எடுத்து மூடித் திறந்தார். வடிவு நாற்காலியைத் தள்ளிவிட்டு ஓடினாள்.

ரயில் ஊர்ந்தது. சிக்னலில் நின்றது. ஜன்னலுக்கு வெளியே மேகம் கவிந்து, பொழுது சாயும் முன்பே இருட்டிக்கொண்டு வந்தது. மழைக்கு முந்தைய மண்வாசனையும் பெட்டிக்குள் வேர்வை நாற்றமும் கலந்து குமட்டியது. இந்நேரம் காவ்யா வந்திருப்பாள், சீருடையைக் கழற்றி மாட்டியிருப்பாள், கதவைச் சாத்தியிருப்பாள் என்று வடிவு ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தாள். தாழ்ப்பாள் வரைக்கும் வந்ததும் பையைத் துழாவினாள். சுசீலாவுக்குப் போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. வண்டியில் இட்லி வேகும் நேரம். அந்த மகராசி எப்போது போனை எடுத்தாள்?

ஸ்டேஷனில் இறங்கும்போது கரண்ட் போயிருந்தது. கடைகளில் மெழுகுவத்தி. தெருவிளக்குகள் செத்துக் கிடந்தன. சேறு செருப்பைக் கவ்வியது. செருப்பை அங்கேயே விட்டாள். வெறுங்காலோடு நடந்தாள், ஓடினாள். காலி மனைகளைத் தாண்டும்போது, முன்னால், வெகு முன்னால், அவள் வீட்டுப் பக்கமாக, அது கேட்டது.

வளையல் சத்தம்.

"பூனைக்குப் பால் வெச்சியா?"

இதில் ஸ்பீக்கர் கரகரப்பு இல்லை. வாயிலிருந்து வந்த மாதிரி இருந்தது.

"காவ்யா! தொறக்காத! தொறக்காதடி!"

அவள் கத்தல் அவளுக்கே கேட்கவில்லை. இடி உருண்டது.

தெருமுனையில் சுசீலாவின் வண்டி. எமர்ஜென்சி விளக்கு வெளிச்சத்தில் இட்லிப் பானை புகைந்துகொண்டிருந்தது. சுசீலா நிமிர்ந்து பார்த்தாள். கரண்டி கையில் அப்படியே நின்றது.

"வடிவு? இன்னாடி இது, வெளிய கீற?"

"அக்கா, பாப்பா…"

"நீ அப்பவே வந்துட்டியே. ஜன்னலாண்ட நின்னு கூப்ட்டத நான் கேட்டனே. பாப்பா கதவு தொறந்துச்சே."

வடிவு நிற்கவில்லை.

வீடு. இருட்டு. கதவு சாத்தியிருந்தது.

படியில் கிண்ணம். கால் தட்டி உருண்டது. காலி. ஒரு சொட்டுப் பால் இல்லை.

கதவைத் தள்ளினாள். உள்ளே தாழ்ப்பாள். மோதினாள். தோள் வலித்தது. ஜன்னலுக்கு ஓடினாள். கதவுப் பலகைகள் ஒருக்களித்திருந்தன. உள்ளே எங்கேயோ ஒரு மெழுகுவத்தி வெளிச்சம் அசைந்தது.

"பாப்பா! அம்மா வந்துட்டேன்! கதவத் தொற!"

உள்ளே பேச்சு நின்றது. உள்ளே பேச்சு இருந்தது என்பதே அது நின்றபிறகுதான் அவளுக்குத் தெரிந்தது.

"யாரு?" காவ்யாவின் குரல். நடுங்கியது.

"அம்மாடா கண்ணு. அம்மாடா."

"பொய். எங்கம்மா அப்பவே வந்துட்ச்சு."

வடிவு ஜன்னலோடு ஒட்டி நின்றாள். கம்பியைப் பிடித்துக்கொண்டாள். வளையல் கம்பியில் பட்டது. அந்தச் சத்தம் கேட்டதும் அவளுக்கு ஒன்றுதான் தோன்றியது. வேறு வழி இல்லை.

"பூனைக்குப் பால் வெச்சியா? காவ்யா, நான் கேக்கறேன்டி. பூனைக்குப் பால் வெச்சியா?"

மழை விழ ஆரம்பித்தது.

"யார் சொன்னாலும் தொறக்கக் கூடாதுன்னு எங்கம்மா சொல்லிக்கீது" என்றாள் காவ்யா. பாடம் ஒப்பிப்பது போல, தெளிவாக, ஒரு எழுத்துப் பிசகாமல்.

"அது அம்மா இல்லடி! பாப்பா, எந்தங்கம், ஓடி வந்துடு! அது நான் இல்ல!"

கத்தினாள். கம்பியைப் பிடித்து ஆட்டினாள். வளையல் உடைந்து மணிக்கட்டில் ரத்தம் வழிந்தது. மெழுகுவத்திக்கு முன்னால் ஒரு நிழல் எழுந்து நின்றது. அவள் உயரம். அவள் கொண்டை. அது ஜன்னல் பக்கம் திரும்பவில்லை. பிள்ளையின் தலையை மட்டும் மெதுவாகத் தடவிக்கொடுத்தது.

பிறகு பேசியது. அவள் குரலில். அன்றைக்கு மண்டபத்தில் பேசிய அதே குரலில், அதே பெருமையோடு.

"எம்பொண்ணு, வேற யார் வந்து கத்துனாலும் தொறக்காது சார்!"

அதே வெட்கச் சிரிப்பு.

ஜன்னல் கதவு உள்ளிருந்து சாத்தப்பட்டது. அந்த ஒற்றை அறைக்குள், ஒரு மண்டபம் நிறைந்த ஜனம் கைதட்டியது. தட்டிக்கொண்டே இருந்தது. அதன் நடுவே, சின்னக் கைகள் இரண்டும் சேர்ந்து தட்டுவது வடிவுக்குத் தனியாகக் கேட்டது.