ஏறாத சூடு

"என் தம்பியை இன்னிக்குக் காலையில வீட்டை விட்டுப் போகச் சொல்லிட்டேன். செஞ்சது சரிதானான்னு நீங்கதான் சொல்லணும்."

துப்பறிபவரைத் தேடி வந்தவள் உட்காரக்கூட இல்லை. குஞ்சு பொரிப்பகம் நடத்துபவள். அடைகாக்கும் இயந்திரத்தில் இருந்த முட்டைகள் மொத்தமும் கருவிலேயே செத்துப்போயிருந்தன. அதைக் கவனிப்பது தம்பியின் பொறுப்பு.

"மிஷின் ஓடிட்டேதான் இருந்துச்சு, சூடுதான் ஏறலைன்னு சத்தியம் பண்றான். தூங்கிட்டு கதை அளக்கிறான்னு என் வீட்டுக்காரர் சொல்றார்."

"அப்புறம் யாராவது மிஷினைத் தொட்டாங்களா?" துப்பறிபவர் கேட்டார்.

"இல்லை. அறையைப் பூட்டிச் சாவியை நானே வெச்சிருக்கேன்."

துப்பறிபவரோடு அவருடைய மைத்துனரும் தொற்றிக்கொண்டார். தொழில் புகைப்படம், யாரைப் பார்த்தாலும் திருட்டு முழி என்பார். போகும் வழியிலேயே, தம்பிதான் குற்றவாளி என்று தீர்ப்பு சொல்லிவிட்டார்.

பொரிப்பகத்து வாசலில் அவளுடைய கணவர் நின்றிருந்தார். வாய் சிரித்தது, கண்கள் பூட்டை விட்டு நகரவில்லை.

"இதுல துப்பறிய என்ன சார் இருக்கு? ஹீட்டர்ல சூடேத்துற கம்பிச்சுருள், ரெண்டு காயில்ல ஒண்ணு எரிஞ்சிருக்கும். முழிச்சிருந்தா கவனிச்சிருப்பான். கால்வாசிச் சூட்டுல முட்டை பொரியுமா?"

அவள் பூட்டைத் திறந்ததும் துப்பறிபவர் உள்ளே போனார். முட்டை நாற்றம் மூக்கைத் துளைத்தது. ஹீட்டரின் தகட்டில் 230 வோல்ட், 920 வாட் என்று பொறித்திருந்தது. மீட்டரை மாட்டி ஸ்விட்சைப் போட்டார். சிவப்பு விளக்கு எரிந்தது.

"230 வோல்ட், ஒரே ஒரு ஆம்பியர்," என்று படித்தார் மைத்துனர்.

"வோல்டை ஆம்பியரால வகுத்தா தடை, 230 ஓம். ரெண்டையும் பெருக்கினா வாட், அதுவும் 230," என்றார் துப்பறிபவர்.

"920 வர வேண்டிய இடத்துல 230! அப்ப தம்பி சொன்னது நிஜம்தான் அத்தான். காயில் எரிஞ்சிருக்கு!"

"எரியலை. 920 வாட்டுக்கு நாலு ஆம்பியர் ஓடணும். ரெண்டு காயிலும் தனித்தனியா ஆளுக்கு ரெண்டு ஆம்பியர் இழுக்கும். அப்போ ஒவ்வொண்ணும் 115 ஓம். ஒண்ணு எரிஞ்சிருந்தா மிச்சது 460 வாட், பாதிச் சூடு தரும். இங்க 230 ஓம் காட்டுது. ரெண்டு 115ஐக் கூட்டினா வர்றது. ரெண்டு காயிலும் நல்லாதான் இருக்கு. ஆனா கரண்ட் ஒண்ணைத் தாண்டித்தான் இன்னொண்ணுக்குப் போகுது. யாரோ வயரை மாத்திக் கட்டியிருக்காங்க."

மின்சாரத்தைத் துண்டித்துவிட்டுப் பின்மூடியைக் கழற்றினார். முழுசாக இரண்டு காயில்கள். நடுவே, அழுக்குப் படியாத புது வயர்த் துண்டு ஒன்று.

"அவனேதான் மாத்தியிருப்பான்!" என்றார் கணவர்.

"வாசல்ல நீங்க பேசாம இருந்திருந்தா நானும் அப்படித்தான் சந்தேகப்பட்டிருப்பேன். ஒரு காயில் எரிஞ்சிருக்கும்னு நினைக்கிறவர் பாதிச் சூடுன்னுதான் சொல்வார். நீங்க கால்வாசின்னு சொன்னீங்க. அது கால்வாசிதான்னு நாங்களே இப்பதானே அளந்தோம்?"

கணவரின் முகம் வெளிறிப்போனது. மனைவியைப் பார்க்காமல் தரையைப் பார்த்துப் பேசினார்.

"எதுக்கெடுத்தாலும் தம்பியைக் கேளு, தம்பியைக் கேளு... நான் ஒருத்தன் இந்த வீட்ல இருக்கிறதே உனக்குத் தெரியலையே."

அவள் திட்டவில்லை, அழவும் இல்லை. போனை எடுத்தாள். மணி நெடுநேரம் அடித்தது.

"பஸ் ஏறிட்டியா?" என்றாள். மறுமுனையில் என்ன பதில் வந்ததோ, அவள் குரல் உடைந்தது. "அடுத்த ஸ்டாப்புல இறங்குடா. நான் வர்றேன்."

கணவர் ஓரடி முன்னால் வந்தார். "நானும் வர்றேன்."

"வேண்டாம். அவனை நம்பாம அனுப்பினது நான். நானே போய்க் கூப்பிடுறேன்."